மறுமுயற்சி என்னும் ஓராண்டு: பெருந்தொற்றும் தலித் மாணவியரின் மருத்துவக் கல்வியும்

நீட் தேர்வு குறித்த விவாதங்களில் பாடத்திட்டம், பயிற்சிக் கட்டணம், மாநில உரிமை ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஒரு மருத்துவ இடத்திற்காகக் குடும்பங்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ளது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அந்தக் காத்திருப்புக்கான காலம் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தலித் குடும்பத்து மகளுக்கு அது மிக அரிது. கோவிட் பெருந்தொற்று அக்காலத்தை மேலும் நீட்டித்தது. அதன்பின் வந்த சட்டத் தீர்வுகள் இந்த இழப்பை ஈடுசெய்யவில்லை.

நீண்டுபோன நாட்காட்டி

2020ஆம் ஆண்டின் நீட் தேர்வு முதலில் மே 3 அன்று நடைபெறுவதாக இருந்தது. பின்னர் ஜூலை 26க்கும், அதன்பின் செப்டம்பர் 13க்கும் தள்ளிவைக்கப்பட்டது. மேலும் ஒத்திவைக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 17 அன்று தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கு இடையேயான பேருந்துகள் செப்டம்பர் 7 அன்றுதான் மீண்டும் இயங்கத் தொடங்கின. அதற்கு ஆறு நாள்களுக்குப் பின் தேர்வு. அவ்வாண்டு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்தவர்களுக்கு, 2021 பிப்ரவரியில்தான் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கின. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கோ தேர்வு 2021 செப்டம்பர் 12 அன்றும், வகுப்புகள் 2022 பிப்ரவரியிலும் அமைந்தன.

இடம் கிடைத்தவர்களுக்கே ஏறத்தாழ ஓராண்டு வருமானமின்றி, கல்வி நிறுவனமின்றிக் கழிந்தது. கிடைக்காதவர்களுக்கு அது இரண்டாண்டு ஆனது.

மறுமுயற்சியாளர்களின் பெருக்கம்

நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய, ஓய்வுபெற்ற நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த குழு 2021 ஜூலையில் அறிக்கை அளித்தது. நீட் வருவதற்கு முந்தைய 2016–17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 12.47 விழுக்காட்டினரே மறுமுயற்சியில் இடம்பெற்றவர்கள். 2020–21இல் இது 71.42 விழுக்காடாக உயர்ந்ததை அவ்வறிக்கை பதிவு செய்கிறது. பத்தில் ஏழு இடங்கள், பள்ளி முடித்தபின் குறைந்தது ஓராண்டு காத்திருக்க முடிந்தவர்களுக்குச் சென்றன. எனவே இன்றைய நுழைவுத் தேர்வு பாட அறிவோடு குடும்பத்தின் காத்திருக்கும் வலிமையையும் சேர்த்தே அளக்கிறது.

அந்த ஓராண்டு யாருக்கு?

காத்திருப்புக்குப் பணம் வேண்டும், கருவி வேண்டும், குடும்பத்தின் ஒப்புதலும் வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை, அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் சேர்ந்திருப்போருக்கே உரியது. வீட்டிலிருந்து மறுதேர்வுக்குப் படிப்பவர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார். பெருந்தொற்றில் விடுதிகளும் மூடப்பட்டன. அமர்ந்து படிக்க ஓர் இடம், நேரத்திற்கு உணவு, வீட்டு வேலையிலிருந்து விடுதலை ஆகிய மூன்றையும் மாணவியர் ஒருசேர இழந்தனர்.

பயிற்சி இணையத்திற்கு மாறியபோது மற்றொரு இடைவெளி வெளிப்பட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 33.3 விழுக்காட்டினரே எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள், ஆண்களில் 57.1 விழுக்காட்டினர். வீட்டில் ஒரேயொரு கைப்பேசி இருந்தால் அது யார் கையில் இருக்கும் என்பதற்கு இந்த எண்களே விடை.

இவற்றோடு வயதும் சேர்கிறது. பதினேழு வயதில் பள்ளி முடிக்கும் மாணவிக்கு, காத்திருக்கும் ஆண்டில்தான் சட்டப்படியான திருமண வயது வந்துசேர்கிறது. அண்ணன் வீட்டிலிருந்து படித்தால் 'தேர்வுக்குத் தயாராகிறான்' என்று ஊர் சொல்லும். தங்கை அப்படி இருந்தால் 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்லும்.

சட்டம் எதை ஈடுசெய்தது?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டமுன்வடிவு 2020 செப்டம்பரில் நிறைவேறி, அக்டோபர் 30 அன்று ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. தனியார் கல்லூரிகளில் இடம்பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு நவம்பரில் வந்தது. 2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீடு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இவை பெரும் வெற்றிகள். பல தலித் வீடுகளின் முதல் மருத்துவர்கள் இவ்வழியே வந்தார்கள்.

ஆயினும் இச்சட்டம் பள்ளியின் வகையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது. இவ்வொதுக்கீட்டிலும் மறுமுயற்சியாளர்கள் போட்டியிடலாம் என்பதால், காத்திருக்க முடிந்தவருக்கே உள்ளேயும் முன்னுரிமை கிடைக்கிறது. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டிலும் இதே நிலைதான். பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 15(3) பிரிவு வெளிப்படையாக அனுமதிக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இருப்பது அந்த வழியில்தான். மருத்துவச் சேர்க்கையில் அப்பிரிவு உறங்குகிறது.

மருத்துவக் கல்லூரிகளில் மாணவியர் எண்ணிக்கை குறைவில்லையே எனச் சிலர் கேட்கலாம். மொத்த எண்ணிக்கை எந்த வீட்டு மகள் வந்தாள் என்பதைச் சொல்லாது. முதல் முயற்சியில் தவறியபின் திரும்பி வராதவள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

செய்ய வேண்டியவை

நீட் விலக்குக் கோரி 2021இல் பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. விலக்குக்கான போராட்டம் தொடர வேண்டும். அது வெல்லும்வரை, இன்றைய முறைக்குள் கோர வேண்டியவை மூன்று.

முதலாவது, தரவு. சாதி, பாலினம், பள்ளி வகை, எத்தனையாவது முயற்சி ஆகிய நான்கையும் இணைத்த சேர்க்கைப் பட்டியலை மருத்துவத் தேர்வுக் குழு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தாமாக முன்வந்து வெளியிடும் கடமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு விதிக்கிறது. 6ஆம் பிரிவின் கீழ் எந்த மாணவரும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது, மறுமுயற்சி ஆண்டுக்கு உதவித்தொகையும் விடுதி இடமும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாணவியருக்கு அந்த ஓராண்டு தங்கிப் படிக்கும் உரிமையை ஓர் அரசாணையால் வழங்கிவிட முடியும்.

மூன்றாவது, ஒவ்வொரு செங்குத்து ஒதுக்கீட்டுக்குள்ளும் பெண்களுக்குக் கிடைமட்ட ஒதுக்கீடு. அதற்கான வழக்கோ சட்டமோ எதுவாயினும், முதற்சான்றாக அந்த நான்கு விவரங்களும் தேவைப்படும். ஆகவே விண்ணப்பத்திலிருந்து தொடங்குவோம்.