பின்னால் வரும் சத்தம்

அண்மையில் என் மேசைக் கணினிக்கு ஒரு சுற்றொலித் தொகுதி வந்து சேர்ந்தது. ஐந்து சிறிய ஒலிபெருக்கிகள், தாழ்ந்த ஒலிக்கென ஒரு பெரிய பெட்டி. மருமகனின் அன்பளிப்பு. காலமெல்லாம் எழுத்தோடு மல்லுக்கட்டிய பத்திரிகைக்காரனுக்கு வயர்களோடு மல்லுக்கட்டுவது புதிய அனுபவம். ஆனாலும் எவரையும் உதவிக்கு அழைக்காமல் நானே பூட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கணினியின் பின்புறத்தில் பல நிறங்களில் துளைகள் இருக்கின்றன. பச்சை, முன்னால் வைக்கும் இரு ஒலிபெருக்கிகளுக்கு. கறுப்பு, பின்னால் வைப்பவற்றுக்கு. செம்மஞ்சள், நடு ஒலிபெருக்கிக்கும் தாழ்ந்த ஒலிப் பெட்டிக்கும். மேசையின் கீழே குனிந்து, மங்கிய வெளிச்சத்தில் பூட்டியதால் கறுப்பும் செம்மஞ்சளும் இடம் மாறிவிட்டன. ஒரு படத்தை ஓடவிட்டேன். திரையில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றார். அவரது குரலோ என் முதுகுக்குப் பின்னால், இடது பக்கத்திலிருந்து வருகின்றது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

தவறைத் திருத்துவதற்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தத் திடுக்கிடல் என்னை விடவில்லை. சத்தம் எங்கிருந்து வருகின்றது என்பதை மனிதன் எப்படி அறிகின்றான், அதை இயந்திரத்தில் மீட்டெடுக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவ்வாறு வாசித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

கண் முன்னால் இருப்பதை மட்டுமே பார்க்கும். பின்னால் வருவதை அறிவிக்கும் பொறுப்பு காதுடையது. வலப்புறத்தில் எழும் ஓசை வலக்காதை முதலில் அடைகின்றது. இடக்காதைச் சற்றுத் தாமதித்தே அடைகின்றது. அந்தத் தாமதம் கூடியபட்சம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அத்துடன் உயர்ந்த சுருதி ஓசைகளைத் தலை மறைப்பதால் தூரக் காதில் அவை மெலிந்து கேட்கின்றன. இந்த இரண்டையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கின்றது என்பதை 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு விளக்கினார். ஒலி முன்னாலா பின்னாலா என்பதைக் காதுமடலின் வளைவுகளும் தலையின் சிறு அசைவுகளும் உணர்த்துகின்றன.

இந்த அறிவை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது கேளிக்கை உலகமல்ல, யுத்தம். முதலாம் உலகப் போரில் இரண்டு பெரிய ஊதுகுழல்களைத் தூரத்தூர வைத்து, குழாய்களால் படைவீரர் ஒருவரின் காதுகளில் இணைத்தனர். இரு காதுகளுக்கும் இடைப்பட்ட தூரம் இவ்வாறு கூடியதால் பகை விமானம் வரும் திசையை நுணுக்கமாக அறிய முடிந்தது. போருக்குப் பின்னர், 1920களின் இறுதியில், இங்கிலாந்தின் கென்ற் கரையோரத்திலுள்ள டெஞ்சில் வானத்தின் ஓசையைச் சேர்த்துத் தருவதற்கெனக் கொங்கிறீற்றுக் கிண்ணங்களும் 200 அடி நீளமான வளைந்த சுவர் ஒன்றும் கட்டப்பட்டன. ரேடார் வந்ததும் அவை பயனற்றுப் போயின. இன்றும் அந்தச் சுவர் காலியான வானத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றது.

கேளிக்கைக்காக இரு காதுகளுக்கும் தனித்தனியே ஒலி அனுப்பியவர் பிரான்ஸ் நாட்டவரான கிளெமென் அடேர். 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், ஒபேரா மேடையில் நடப்பதைத் தொலைபேசிக் கம்பி வழியே இரு கருவிகளைக் காதுகளில் வைத்துக் கேட்கச் செய்தார். பாடகர் மேடையில் நகர்வதைக் கேட்போர் உணர்ந்தனர். ஆயினும் அரை நூற்றாண்டு காலம் அது ஒரு வேடிக்கையாகவே இருந்துவிட்டது.

எனக்கு ஏற்பட்ட சங்கடம் 1931ஆம் ஆண்டிலேயே இன்னொருவருக்கு ஏற்பட்டிருக்கின்றது. அவர் அலன் புளும்லைன். ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய இளம் பொறியியலாளர். பின்னாளில் தம் மனைவியான பெண்ணுடன் திரைப்படம் பார்க்கச் சென்றபோது, நடிகர் திரையின் ஓரத்தில் நிற்க அவரது குரல் வேறிடத்தில் கேட்பதை அவரால் சகிக்க முடியவில்லையாம். அந்த ஆண்டு டிசெம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில் இன்றைய ஸ்டீரியோவின் அத்திவாரம் முழுவதும் அடங்கியிருந்தது. ஓர் இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் இரு ஒலித்தடங்களை வெட்டும் முறையும் அதில் இருந்தது. 1935இல் ஆட்கள் மேடையில் நடந்து நடந்து பேசும் பரீட்சார்த்தப் படங்களையும் எடுத்தார். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தது 1950களின் இறுதியில்தான். அதைக் காண அவர் இருக்கவில்லை. 1942 ஜூன் 7ஆம் திகதி, இருளிலும் தரையைக் காட்டும் ரேடார் ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானம் விழுந்து நொறுங்கியதில் 38 வயதில் உயிரிழந்தார். ஓசைக்குத் திசை கொடுத்தவர், குண்டுக்கு இலக்குக் கொடுக்கும் கருவியோடு மடிந்தார். யுத்த இரகசியம் என்பதால் அந்த மரணமும் அப்போது பகிரங்கமாகப் பேசப்படவில்லை.

அமெரிக்காவில் வேறு வழியில் முயன்றார்கள். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வுகூடத்தினர் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை மூன்று தடங்களில் கம்பி வழியாக அனுப்பி, வொஷிங்டன் மண்டபத்தில் ஒலிக்கச் செய்தனர். 1940 நவம்பரில் வால்ட் டிஸ்னியின் 'பன்ராசியா' நியூயோர்க்கில் திரையிடப்பட்டபோது, இசை பார்வையாளரைச் சூழ்ந்து நகர்ந்தது. அதற்கான கருவிகளின் செலவாலும் போர்ச் சூழலாலும் சில நகரங்களுக்கு அப்பால் அம்முறை செல்லவில்லை. தொலைக்காட்சிக்குப் போட்டியாக 1952இல் சினராமா ஏழு ஒலித்தடங்களுடனும், 1953இல் சினமாஸ்கோப் நான்கு தடங்களுடனும் வந்தன. வீட்டுக்குள் நான்கு ஒலிபெருக்கிகளைக் கொண்டுவர 1970களில் எடுத்த முயற்சி, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத முறைகளை நிறுவனங்கள் விற்றதால் படுத்துவிட்டது.

அடுத்த திருப்பத்தைத் தந்தவர் றே டொல்பி. 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றிய இவர், அங்கிருந்து லண்டன் சென்று 1965இல் தமது ஆய்வுகூடத்தை நிறுவினார். ஒலிப்பதிவின் இரைச்சலைக் குறைப்பதே அவரது முதல் வேலை. 1970களின் நடுப்பகுதியில், படச்சுருளின் இரு தடங்களுக்குள் நான்கு தடங்களை மடித்து வைக்கும் டொல்பி ஸ்டீரியோ வந்தது. 1977இல் 'ஸ்டார் வோர்ஸ்' அதை உலகறியச் செய்தது. ஆனால் பின்புறத்துக்கு அதில் ஒரே ஒரு தடந்தான். இடம், வலம் என்று பின்புறத்தையும் பிரித்துக் காட்டிப் புகழ்பெற்ற படம் 1979இல் வெளியான கொப்பொலாவின் 'அப்போகலிப்ஸ் நவ்'. வியட்நாம் யுத்தத்தைப் பற்றிய அப்படத்தின் தொடக்கத்தில், வோல்டர் மேர்ச் வடிவமைத்த ஹெலிகொப்டர் ஓசை மண்டபத்தைச் சுற்றிவருகின்றது.

அந்த அமைப்புக்கு '5.1' என்ற பெயர் 1987இல் பொறியியலாளர்களின் கூட்டமொன்றில் டொம்லின்சன் ஹோல்மன் சொன்னது. ஐந்து முழுமையான தடங்கள். தாழ்ந்த ஓசையை மட்டும் சுமப்பதால் ஆறாவது தடம் முழு எண்ணாகக் கொள்ளப்படாமல் பத்தில் ஒன்றாக எண்ணப்படுகின்றது. 1990களின் தொடக்கத்தில் டிஜிட்டல் வடிவில் அது திரையரங்குக்கு வந்தது. தமிழில், 1995இல் வெளியான 'குருதிப்புனல்' டொல்பி ஒலியுடன் வந்த ஆரம்பப் படங்களுள் ஒன்று.

கணினியின் கதை இதைவிடச் சிறியது, ஆனால் வேகமானது. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனிக்கணினிக்குக் கீச்சிட மட்டுமே தெரியும். அதே ஆண்டில் சிங்கப்பூரில் சிம் வொங் ஹூ என்ற இளைஞர் தொடங்கிய சிறிய கணினித் திருத்தகமே, 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற ஒலி அட்டையை உலகுக்குத் தந்த கிரியேட்டிவ் நிறுவனமாக வளர்ந்தது. 1998இல் வந்த அதன் அட்டை நான்கு ஒலிபெருக்கிகளை இயக்கியது. அக்காலத்தில் ஓரியல் என்ற அமெரிக்க நிறுவனம், காதுமடல் ஓசையை மாற்றும் விதத்தைக் கணக்கிட்டு, இரண்டே ஒலிபெருக்கிகளில் சுற்றொலியைக் காட்டியது. இரு நிறுவனங்களும் நீதிமன்றம் சென்றன. 1999இல் காப்புரிமை வழக்கில் ஓரியல் வென்றது. ஆனால் வழக்குச் செலவு தாங்காமல் 2000இல் வங்குரோத்தானது. அதன் சொத்துகளை வாங்கியது எதிராளியே. 2004இல் இன்டெல் வகுத்த நியமம் எட்டுத் தடங்கள் வரை தாய்ப்பலகையிலேயே கொண்டுவந்தபின், தனி ஒலி அட்டையின் தேவை பெரும்பாலானோருக்கு அற்றுப்போனது. சிம் வொங் ஹூ 2023இல் காலமானார்.

இனி, வீட்டில் இதைப் பூட்ட நினைக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். நடு ஒலிபெருக்கி நேர் முன்னால், திரைக்குக் கீழே இருக்க வேண்டும். முன்னிரண்டும் அதிலிருந்து இரு பக்கமும் 30 பாகையில் அமைய வேண்டும். பின்னிரண்டும் முதுகுக்கு நேர் பின்னால் அல்ல. காதுகளைச் சற்றுத் தாண்டி, சுமார் 110 பாகையில் வர வேண்டும். ஐந்தும் காதின் உயரத்தில், தலையிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பது நல்லது. தாழ்ந்த ஒலியின் திசையைக் காது எளிதில் அறியாது. ஆகவே அந்தப் பெட்டியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸின் ஒலி அமைப்பில் 5.1 என்று தெரிவு செய்யாவிட்டால் முன்னிரண்டு மட்டுமே பேசும். அங்குள்ள பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாக ஒலிக்கும். எது எங்கே ஒலிக்கின்றது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நான் இதை முதலில் செய்திருந்தால் என் தவறு உடனே பிடிபட்டிருக்கும்.

எல்லாம் ஒழுங்கான பின்னர் நான் போட்ட முதல் படம், வாசித்ததின் விளைவாக, 'அப்போகலிப்ஸ் நவ்'. மாலை நேரம். மனைவி சமையலறையில் இருந்தார். ஹெலிகொப்டர் ஓசை எனக்கு இடப்பின்னால் எழுந்து, தலையைச் சுற்றி வலப்புறம் சென்றது. வேலை திறமாகவே செய்திருக்கிறேன் என்று மகிழ்ந்து திரும்பியபோது, மனைவி கையில் அகப்பையுடன் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது யன்னலூடாகத் தெரிந்தது.

காரணம் இருக்கின்றது. படத்தில் வருவது பெல் நிறுவனத்தின் 'ஹியூ' ஹெலிகொப்டர். அதே குடும்பத்தில் பிறந்த பெல் 212தான் 1980களில் யாழ்ப்பாணத்து வானத்தில் சுற்றியது. இரண்டு இறக்கைத் தகடுகள் காற்றை வெட்டும் அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர் மறவார். அந்த நாட்களில் எங்கள் காதுகள்தான் டெஞ்சின் கொங்கிறீற்றுச் சுவர். கோட்டை முகாமில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும், எங்கே விழும் என்று திசையைக் கணித்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குவோம். அலுவலகத்தில் செய்தி எழுதும்போது கண் தாளில் இருக்கும், காது வெளியே இருக்கும். ஹெலி நேரே தலைக்கு மேல் வந்துவிட்டால் திசை தெரியாது. அதுவே மிகப் பயமான நேரம். 1990இன் பின்னர் மின்சாரமும் பற்றரியும் இல்லாமற் போக, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஒரே ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதைச் சுற்றி அயலவர் பத்துப் பேர். அதில் வந்த செய்திக்குத் திசை தேவைப்படவில்லை.

சுற்றொலி சரியாகக் கேட்பது ஒருவர் அமரும் ஓரிடத்தில் மட்டுமே என்பார்கள். மண்டபத்தில் அந்த இடம் சிலருக்கே வாய்க்கும். மேசைக் கணினிக்கு முன்னால் ஒரே ஒரு கதிரை இருப்பதால், இந்தக் கலைக்கு வீட்டு மேசையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆனால் அந்த ஓசை அந்தக் கதிரையோடு நின்றுவிடுவதில்லை என்பதை நான் அன்று அறிந்துகொண்டேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்த மனைவி, கணினித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து யுத்தப் படம் எதையும் போடுமுன் நான் மேசைக்குக் கீழே குனிந்து கறுப்பு முளையைக் கழற்றிவிடுகிறேன். இப்போது அதைத் தேட வெளிச்சம் தேவைப்படுவதில்லை.