ரங்கூனிலிருந்து வந்த அப்பம்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. கார்த்திகை தீபத்துக்கு ஆயா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன், வந்த சூட்டோட எழுதிடணும்னு உட்கார்ந்துட்டேன். சமையல் குறிப்பு தேடி வந்த மக்களுக்கு நடுவுல ஒரு இடத்துல அது இருக்கு, பொறுமையா வாங்க. மிச்சமெல்லாம் வரலாறுதான்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க அம்மா பொறந்த வீடு நொச்சிக்குப்பம். சாந்தோம் தாண்டி லூப் ரோடு, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஹவுசிங் போர்டு பிளாக். தாத்தா கடலுக்குப் போவார், ஆயா மீன் விப்பாங்க. ஐப்பசி, கார்த்திகை வந்தா கடல் கொந்தளிக்கும், படகு கரையிலயே கிடக்கும். மீன் இல்லன்னா காசும் இல்ல. அந்த நாட்கள்ல ஆயா தண்ணித்துறை மார்க்கெட்டுக்குப் போய், தோல் கறுத்துப் போன வாழைப்பழத்தை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கிட்டு வருவாங்க. மசிச்சு, கோதுமை மாவு போட்டு, எண்ணெயில கிள்ளிப் போட்டா எலுமிச்சம்பழம் சைஸுக்கு உப்பி வரும். குப்பத்துல அதுக்குப் பேரு வெறும் அப்பம்தான். கார்த்திகைக்கும் அதேதான் படையல்.

ஆறாவது படிக்கும்போது, தீபத்துக்கு மறுநாள் டிபன் பாக்ஸ்ல இதைக் கொண்டு போனேன். பக்கத்துல உட்கார்ந்தவன் மாட வீதிப் பையன். அவனும் அப்பம் கொண்டு வந்திருந்தான். நெய் வாசனை, தேங்காய்ப் பல்லு, சின்னச் சின்னதா அழகா இருந்துச்சு. என்னோடதை ஒரு கடி கடிச்சுட்டு, "இது என்னடா, ரேஷன் எண்ணெய் வாசனை அடிக்குது?"ன்னான். சுத்தி இருந்த பசங்க சிரிச்சாங்க. நான் உடனே, "இது எங்க வீட்ல செஞ்சதில்லடா, கடையில வாங்கினது"ன்னு சொல்லிட்டேன். அடுத்த வருஷம் ஆயா கொடுத்தப்போ வயித்து வலின்னு சொல்லித் தப்பிச்சேன். அதுக்கப்புறம் ஆயா எனக்குக் கட்டிக் கொடுக்கறதையே விட்டுட்டாங்க. ஏன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல.

இப்ப ஒரு தாவு தாவி டொரண்டோ. பொட்டி தட்டற வேலையில மூணு மாச ஆன்சைட். கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவங்க அம்மா ஒரு தட்டைக் கொண்டு வந்து வச்சு, "சாப்பிடுங்கோ தம்பி, வாய்ப்பன். வாழைப்பழம் நல்லாக் கனிஞ்சிட்டுது, எறிய மனமில்லை"ன்னாங்க. ஒண்ணை எடுத்து வாயில வச்சேன். அச்சு அசல் ஆயா அப்பம்! அதே நிறம், அதே மொறுமொறு, உள்ளே அதே பழக் கொழகொழப்பு. நான் வாயடைச்சு உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துட்டு அம்மா, "ஏன், சீனி காணாதோ?"ன்னு கேட்டாங்க.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பலகாரம். யாரு யாருகிட்ட கத்துக்கிட்டது? ஒரு வருஷமா இதே நோண்டல்.

முதல்ல நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்ற பதிலைப் பார்ப்போம்: "போர்ச்சுகீசியன் கொண்டு வந்தான்." கேக்க வசதியான பதில். 1520-கள்லயே சாந்தோம்ல அவன் குடியேறிட்டான், இலங்கைக் கரையிலயும் இருந்தான், மலாக்காவை 1511-லயே பிடிச்சுட்டான். அன்னாசிப்பழத்துக்கு நாம சொல்ற பேரே அவன் கொடுத்ததுதான். மெரினாவுல மிளகாய் பஜ்ஜி சாப்பிடறீங்களே, அந்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து அவன் கப்பல்ல வந்ததுதான். ஆனா வாழைப்பழம்? அதோட பூர்வீகம் தென்கிழக்கு ஆசியாவும் நியூகினியும். நியூகினியில குக் சதுப்பு நிலத்துல 7,000 வருஷத்துக்கு முந்தியே வாழை பயிர் பண்ணியிருக்காங்கன்னு தொல்லியல்காரங்க கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம சங்க இலக்கியத்துல வாழை தாராளமா இருக்கு. அப்பம் சுடறதுக்கும் அவன் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. தொண்டைமான் இளந்திரையனைப் பாடற பெரும்பாணாற்றுப்படையில, கறுத்த சட்டியில பாகு சேர்த்து வட்ட வட்டமா அப்பம் சுடற கூவியர் வர்றாங்க. நம்ம தொண்டை மண்டலத்துக் கதை அது. அப்ப போர்ச்சுகல்னு ஒரு நாடே கிடையாது :-)

அடுத்தது கோயில். கல்லணைக்குப் பக்கத்துல கோவிலடியில பெருமாள் பேரே அப்பக்குடத்தான், ராத்திரி அப்பம்தான் நைவேத்தியம். திருமலையில 15, 16-ம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள்ல "அப்பப்படி"ன்னே தனிக் கட்டளை இருக்கு. அரிசி, நெய், சர்க்கரை, கூடவே மிளகு. மயிலாப்பூர் கார்த்திகை விளக்கீட்டைச் சம்பந்தர் 7-ம் நூற்றாண்டுலயே பூம்பாவைப் பதிகத்துல சொல்லிட்டார். ஆக பண்டிகையும் பழசு, அப்பமும் பழசு.

வாழைப்பழத்துக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு. பிள்ளையாருக்குத் தினம் 150 வாழைப்பழம் படைக்கணும்னு ராஜராஜன் 360 காசு முதல் போடறார். தஞ்சாவூர் வணிகர்கள் அதை வாங்கிக்கிட்டு வட்டிக்குப் பழம் தரணும். வட்டி காசுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டுல ஒரு பங்கு. நம்ம புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டேன். 360 காசுக்கு வருஷ வட்டி 45 காசு. வருஷத்துக்கு 360 நாள், தினம் 150 பழம்னா மொத்தம் 54,000. வகுத்தா காசுக்கு 1,200 பழம். மீதி வராம அப்படியே உட்காருது! ஆயிரம் வருஷத்துக்கு முந்தி எக்செல் இல்லாம இதைச் செஞ்சிருக்காங்க. ஆனா கவனிங்க, இங்க பழம் பழமாவே படையலுக்குப் போகுது. திருமலை அப்பத்துல பழம் இல்ல. ஆயா அப்பத்துல பழமும் இருக்கு, கோதுமையும் இருக்கு. அரிசி மட்டும் இல்ல.

இந்த "அரிசி இல்ல"ங்கறதுதான் சாவின்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது. அரிசி அப்பம்னா ஊற வைக்கணும், உரல்ல இடிக்கணும், சலிக்கணும். அதுக்கு முதல்ல கையில அரிசி இருக்கணும். கோதுமை தமிழ்ப் பொண்ணுங்க சமையல்கட்டுல அதிகம் புழங்காத தானியம், நோயாளிக்குக் கஞ்சி வைக்க எடுப்பாங்க. அது எப்படிக் குப்பத்துக்குள்ள வந்துச்சு?

பதில் 1942 மார்ச். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சான். சென்னை மாகாணமும் இலங்கையும் பர்மா அரிசியை நம்பி இருந்த காலம் அது. ரெண்டு இடத்துக்கும் ஒரே நேரத்துல கப்பல் நின்னு போச்சு. ஏப்ரல்ல கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாத்து மேலயும் குண்டு. மெட்ராஸ் பாதி காலியாச்சு. 1943-ல நகரத்துல ரேஷன் வந்துச்சு. அரிசி அளவாத்தான் கிடைக்கும், வயித்தை ரொப்ப கோதுமை வாங்கிக்கோன்னாங்க. இலங்கையிலயும் அதே கதை, அரிசிக்குப் பதிலா கோதுமை மா. அரிசி தின்னே பழகின ஜனங்க கையில பழக்கமில்லாத ஒரு மாவைக் கொடுத்தா என்ன பண்ணுவாங்க? ருசியா இருக்கணும், கூட்டு சேர்க்கறது மலிவா இருக்கணும், பிள்ளைங்க சாப்பிடணும். ரெண்டு கரையிலயும் மலிவாக் கிடைச்ச இனிப்பு அழுகறதுக்கு முந்தின நாள் வாழைப்பழம்.

யாரும் யாருகிட்டயும் கத்துக்கல, ஒரே பசிக்கு ஒரே சாமானை வச்சு ரெண்டு ஊரும் ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்திருக்குங்கறது என் முடிவு. மலேசியாவுல மசிச்ச பழத்தை மாவுல போட்டுப் பொரிக்கற சக்கோடோக்கும் இதே சாதிதான். கேரளத்துப் பழம்பொரி வேற வகை, அங்க நேந்திரத்தை நீளமா வெட்டி மாவுல தோய்ப்பாங்க, மசிக்க மாட்டாங்க.

போர் முடிஞ்சும் கோதுமை போகல. அமெரிக்கா 1954-ல பி.எல். 480 சட்டம் போட்டுச்சு, 1956-ல இந்தியா ஒப்பந்தம் போட்டுச்சு, கப்பல் கப்பலா கோதுமை வந்துச்சு. 1965, 66 வறட்சியில அதுதான் சோறு. 1967 தேர்தல்ல ரூபாய்க்கு மூணு படி அரிசிங்கற வாக்குறுதிக்கு இருந்த மவுசே அரிசிப் பஞ்சத்தால வந்ததுதான். ஆயா அப்ப சின்னப் பொண்ணு. பிறகு 2007-ல ரேஷன்ல பாமாயில் வந்துச்சு. அதுவரைக்கும் கடலெண்ணெயில சுட்ட அப்பம், நான் ஆறாவது போறதுக்குள்ள பாமாயிலுக்கு மாறிடுச்சு. அந்தப் பனை எண்ணெய் விளையறது மலேசியா, இந்தோனேசியாவுல. அந்த டிபன் பாக்ஸ்ல இருந்ததுல உள்ளூர்க்காரன் பழம் மட்டும்தான்.

ஒரு விஷயம். மயிலாப்பூர் வீடுகள்ல இப்ப செய்யற கார்த்திகை அப்பம் பல வீட்ல கோதுமை மாவு, வெல்லம், மசிச்ச வாழைப்பழம்தான். அப்பக்காரையில நெய் விட்டுச் சுடறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். மாட வீதிப் பையன் டப்பாவுல இருந்ததும் அதேதான்னு இப்ப பந்தயம் கட்டுவேன். அவங்க வீட்டு அலமாரியில எழுதி வச்ச சமையல் குறிப்பு இருந்துச்சு, கோயில்ல கல்வெட்டு இருந்துச்சு. குப்பத்து அப்பத்துக்கு எழுதி வச்சது ஒண்ணும் கிடையாது. அதனால அது "ரேஷன் வாசனை" ஆயிடுச்சு.

சரி, செய்முறை. நல்லாக் கனிஞ்ச பூவன் நாலு, தோல் கறுத்திருந்தா விசேஷம். காய்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு மாவுச்சத்து, பழுக்கப் பழுக்க அது சர்க்கரையா மாறுது. அதனால வெளியில கொட்டற சர்க்கரை கம்மியாப் போதும், ரெண்டு மூணு ஸ்பூன். ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், துளி சமையல் சோடா. கையால மசிச்சு, கொள்ளற அளவு கோதுமை மாவு. தண்ணி ஒரு சொட்டு கூடாது. கோதுமையில இருக்கற பசைத்தன்மைதான் பழத்தைப் பிடிச்சு வைக்குது, அரிசி மாவுல இந்த வேலை நடக்காது, எண்ணெயில பிரிஞ்சு ஓடிடும். கால் மணி நேரம் வச்சுட்டு எண்ணெயில கிள்ளிப் போடணும்.

இங்கதான் நான் சொதப்பினேன். வேளச்சேரியில ரூமுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட வாணலி கடன் வாங்கி, அடுப்பை முழுசா வச்சுப் போட்டேன். ரெண்டு நிமிஷத்துல வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. பழத்துல அவ்வளவு சர்க்கரை இருந்தா சீக்கிரம் கறுக்கும்ங்கறது படிச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல. பேச்சிலர் ரூம்ல அதையும் ரெண்டு பேர் சாப்பிட்டாங்கங்கறது வேற கதை.

தீபத்தன்னைக்கு மழை. நொச்சிக்குப்பம் போனப்போ படகெல்லாம் மேல ஏத்தி வச்சிருந்தாங்க. லூப் ரோட்டுல 2024-ல திறந்த மீன் மார்க்கெட்லயும் கூட்டம் இல்ல. ஆயாவுக்கு இப்ப சுகர், கண்ணும் மங்கல், அடுப்புப் பக்கம் போகவே அம்மா விடறதில்ல. நான் வாழைப்பழம், மாவு, பாமாயில் எல்லாம் வாங்கிட்டுப் போயிருந்தேன். மசிச்சுக்கிட்டே ரங்கூன், ஜப்பான், ராஜராஜன் எல்லாக் கதையும் சொன்னேன். கட்டில்ல உட்கார்ந்து கேட்டுக்கினே இருந்தாங்க.

"எங்க அம்மா சொல்லும் அந்தக் கதைய," ன்னாங்க. "குண்டு போடறான்னு சொல்லி ஜனம்லாம் ஓடிச்சாம். நாங்க எங்க ஓடறது, கடலாண்ட தானே இருக்கோம்னு சொல்லும். கோதுமைய மொத மொத வாங்கியாந்து இன்னா பண்றதுன்னு தெரியாம கஞ்சி காய்ச்சி, ஒருத்தரும் குடிக்கலயாம்."

அப்புறம் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னேன். கடையில வாங்கினதுன்னு பொய் சொன்னது, வயித்து வலி நாடகம் எல்லாம். தலை நிமிராம வாணலியைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

"தெரியும்டா கண்ணு. உன் டப்பாவுல பாதி அப்படியே திரும்பி வந்துச்சே. கழுவறவளுக்குத் தெரியாதா?"

எனக்குப் பேச்சு வரல. ஒண்ணைக் கிள்ளிப் போட்டேன், சொய்ன்னு சத்தம் பெருசாக் கேட்டுச்சு.

"இன்னாடா அப்படிக் கத்துது? அடுப்பைக் கொறை. எண்ணெ காஞ்சு பூட்ச்சி. மொத ஈடு எனக்கு ஒண்ணு எடுத்து வை, உங்கம்மாகிட்ட சொல்லாத."

அடுப்பைக் குறைச்சேன். ஈட்டுக்கு ஏழு வந்துச்சு. ஆயா ரெண்டு சாப்பிட்டாங்க.