உப்பளத்து வானிலையும் ஆசியக் கிண்ணமும்

உப்பு விளையும் நிலத்தில் மழை குறைவு. இதை அறிந்துகொள்ள எங்கள் புத்தளம் கரையில் எவருக்கும் வானிலைத் திணைக்களத்தின் அறிக்கை தேவையில்லை. ஆவணி, புரட்டாதியில் களப்போரத்துப் பாத்திகளில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதே நாட்களில் தெற்கே நீர்கொழும்பைத் தாண்டினால் குடை விரிக்கவேண்டியிருக்கும். 2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தின் 'சூப்பர் 4' ஆட்டங்களைக் கொழும்பில் நடத்துவதென்ற முடிவை இந்தக் கரையின் ரசிகர்கள் முதலிலிருந்தே நகைப்புடன் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

சுற்றுப்போட்டியின் உரிமை பாகிஸ்தானுக்குரியது. இந்திய அணி அங்கே செல்ல மறுத்தமையால் 13 ஆட்டங்களில் நான்கு பாகிஸ்தானுக்கும் ஒன்பது இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டன. செப்டெம்பர் 2 அன்று பல்லேகலவில் இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்தபின் மழை பிடித்துக்கொண்டது. பாகிஸ்தான் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. அதன்பின் ஆட்டங்களை அம்பாந்தோட்டைக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு எழுந்தது; பிறகு அது கைவிடப்பட்டுக் கொழும்பே உறுதியாயிற்று. அம்பாந்தோட்டையும் எங்களைப்போல் உப்பள ஊர்தான், உலர் வலயம்தான். உப்புப் பாத்தியில் நிற்கும் ஒரு தொழிலாளியைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

மைதானத் தெரிவையாவது பொறுத்துக்கொள்ளலாம். செப்டெம்பர் 8 அன்று வந்த அறிவிப்பை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 10ஆம் திகதி இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் மழையால் தடைப்பட்டால் மறுநாள் தொடரும் என்றது அது. 'சூப்பர் 4' சுற்றில் வேறெந்த ஆட்டத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. சுற்றுப்போட்டி தொடங்கி ஒன்பது நாள் கழித்து, இரண்டு அணிகளுக்காக மட்டும் விதி திருத்தப்பட்டது. பங்களாதேஷ் அணியின் பயிற்றுநரான எங்கள் சந்திக்க ஹத்துருசிங்கவும், இலங்கைப் பயிற்றுநர் கிறிஸ் சில்வர்வுட்டும் தங்கள் வியப்பை மறைக்கவில்லை. சற்று நேரத்தில் இரு நாட்டுக் கிரிக்கெட் சபைகளும் தாங்களும் சம்மதித்தே இது நடந்ததென அறிவித்தன. அப்போது ஆசியக் கிரிக்கெட் பேரவையின் தலைவராக இருந்தவர் ஜெய் ஷா. அன்று இந்தியச் சபையின் செயலாளராக இருந்தவரும் அவரே என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

நுழைவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், மறுநாளும் செல்லும் என்று ரசிகர்களுக்குச் சொல்லப்பட்டது. மறுநாள் திங்கட்கிழமை. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து இன்னும் தொலைவு. கடலுக்குப் போகாமல் ஒரு நாள் உழைப்பைத் துறந்து வருபவன் இரண்டாம் நாளையும் துறக்கவேண்டும், அல்லது கொழும்பில் தங்க இடம் தேடவேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியிலிருந்து மீளாத நாட்டில் சீட்டின் விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. உலகமே பார்க்கும் ஆட்டமென விளம்பரப்படுத்தப்பட்ட அன்று ஆர். பிரேமதாச மைதானத்தில் வெற்று இருக்கைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

10ஆம் திகதி இந்தியா 24.1 ஓவரில் 147 எடுத்திருந்தபோது மழை. மறுநாள் கோலியும் ராகுலும் சதமடித்து 356 ஆக்கினர். பாகிஸ்தான் 128இல் சுருண்டது. மூன்று நாள் கழித்து, ஏறக்குறைய அரையிறுதியாகிவிட்ட இலங்கை-பாகிஸ்தான் ஆட்டத்திலும் மழை பெய்தது. அதற்கு மேலதிக நாள் கிடையாது. 42 ஓவர்களாகச் சுருக்கி ஆடினார்கள். சரித் அசலங்க இறுதிப் பந்தில் வெற்றியைப் பெற்றுத் தந்திராவிட்டால் இந்தக் கசப்பு எங்கே போய் முடிந்திருக்குமோ!

இதே மைதானத்தில் 1996 பெப்ரவரி 13ஐ நினைத்துப் பார்க்கிறேன். ஜனவரி 31இல் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ணத்துக்குக் கொழும்பு வர மறுத்தன. அச்சத்தில் உறைந்திருந்த நகரத்துக்கு இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரே அணியை அனுப்பின. அசாருதீன் தலைவர். களுவிதாரண வசீம் அக்ரமின் பந்தில் டெண்டுல்கரிடம் பிடிகொடுத்து ஆட்டமிழந்தார். ஓட்டப் பதிவேட்டில் அந்த ஒரு வரியை இன்றும் பலர் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அன்று அந்த இரு நாடுகளும் எங்கள் ரசிகனுக்காக வந்தன. 27 ஆண்டுகள் கழித்து, அவ்விரு நாடுகளின் ஆட்டத்துக்காக எங்கள் ரசிகனின் ஆட்டம் இரண்டாந்தரமாயிற்று. வருமானம் அங்கேதான் என்பது தெரியாததல்ல. ஆனால் அதைச் சுற்றுப்போட்டி தொடங்குமுன் விதிப்புத்தகத்திலேயே எழுதியிருக்கலாம்.

செப்டெம்பர் 17 இறுதி ஆட்டத்துக்கு மேலதிக நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. மைதானத்தில் கூட்டமும் இருந்தது. சிராஜ் 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்க்க, இலங்கை 50 ஓட்டங்களில் முடங்கியது. இரு தரப்பும் சேர்ந்து சந்தித்தவை 129 பந்துகள். நாள் முழுதும் தார்ப்பாயை இழுத்து இழுத்துக் கை காய்த்த மைதானப் பணியாளர்களுக்கு 50,000 டொலர் அறிவிக்கப்பட்டது. சிராஜ் தன் பரிசுப் பணத்தையும் அவர்களுக்கே கொடுத்தார். 18ஆம் திகதி யாருக்கும் தேவைப்படவில்லை.