வீட்டில் மெல்ல வாசிக்க ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர்: வாட் கணக்கின் வரலாறு

போன அரையாண்டு விடுமுறையில் நண்பனிடம் ஒரு 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்தேன். தஞ்சாவூரில் எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்தான். வால்யூமை ஒன்றில் வைத்தால் எலக்ட்ரிக் கிதாரின் ஓசை தகரம் தட்டியது போல் மெலிந்து வந்தது. நான்குக்குத் திருப்பினேன். பாட்டுகளில் மட்டுமே கேட்டிருந்த அந்தக் கனமான, இனிப்பான ஓசை அப்படியே வந்தது! கூடவே, கண் ஆபரேஷன் முடிந்து கூடத்தில் படுத்திருந்த பாட்டி பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமாவும் வாசலில் வந்து நின்றார்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் சொந்தமாக ஒன்று வாங்கும் ஆசை போகவில்லை. பி.காம். படிக்கிறவனுக்கு எதையும் விலையை அளவால் வகுத்துப் பார்க்கும் புத்தி இருக்குமே. ஒரு ரூபாய்க்கு எத்தனை வாட் என்று கணக்குப் போட்டேன். 50 வாட் பெட்டிதான் லாபமாகத் தெரிந்தது, 1 வாட் பெட்டி பகல் கொள்ளையாகத் தெரிந்தது. இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதை வரலாற்றைப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

மைக் செட் காலம்

வால்வு என்பது நமக்குப் புதிது இல்லை. 1904-ல் ஃபிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு முனையைச் சேர்த்தார். சின்ன மின்சைகையைப் பெரிதாக்கும் வழி அதனால் கிடைத்தது. ரேடியோவும் மைக் செட்டும் அதிலிருந்து பிறந்தவை. 1947-ல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் பல வருடம் வால்வுதான் ஆண்டது. நம் நாட்டிலும் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வால்வுகளைத் தயாரித்தது.

என் பெரியப்பா அந்தக் காலத்தில் கிராமத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்துவிடாது, வால்வு செக்கச் செவேலென்று சூடாகும் வரை காத்திருக்க வேண்டும் என்பார். கல்யாண வீட்டுத் தென்னை மரத்தில் குழாயைக் கட்டுவார்கள். "வயலுக்கு அந்தப் பக்கம் கேக்குதா?" என்பதுதான் ஒரே தரப் பரிசோதனை! அடுத்த ஊருக்குக் கேட்டால் நல்ல செட். ஆகவே எங்கள் பக்கத்தில் வாட் என்றால் தூரம் என்றே பொருள். என் 50 வாட் ஆசையும் அங்கிருந்து வந்ததுதான்.

இடத்துக்கு ஏற்ற ஓசை

ஆனால் மைக் செட்டுக்கு முந்தைய தஞ்சாவூர் அப்படி நினைக்கவில்லை. கோயில் வீதிக்கு நாகஸ்வரம், வீட்டுக் கூடத்துக்கு வீணை என்று இடம் பிரித்து வைத்திருந்தார்கள். ரகுநாத நாயக்கர் காலத்தோடு (17-ஆம் நூற்றாண்டு) சேர்த்துச் சொல்லப்படும் தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் அதன் நுணுக்கம் தெரியும்.

நாகஸ்வரமே கூட மாறியது. முன்பு இருந்தது குட்டையான, சுருதி ஏறிய திமிரி. பிறகு வந்தது நீளமான, சுருதி இறங்கிய பாரி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதைக் கையில் எடுத்துப் பிரபலமாக்கினார். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி அதைச் செய்து கொடுத்தார். இன்று நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது (2022).

வெளிநாட்டு வாத்தியத்தையும் நம் அளவுக்கு மாற்றிக்கொண்டோம். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பாண்டு வைத்திருந்தார். அந்தக் காலகட்டத்தில்தான் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினைக் கையாண்டார். நின்றுகொண்டு வாசிக்கும் வாத்தியத்தை நாம் தரையில் உட்கார்ந்து, காலில் ஊன்றி, சுருதியை இறக்கி வாசிக்கிறோம். அப்படியானால் கிதார் ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஏன் மேடை அளவிலேயே வாங்க வேண்டும்?

மாணவர் பெட்டியின் கதை

அமெரிக்காவிலும் முதலில் சின்னப் பெட்டிகள்தான் இருந்தன. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் கம்பெனி 1948-ல் சாம்பியன் 800 என்ற பெட்டியை விற்றது. ஒரே ஒரு பவர் வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், சில வாட் சக்தி. கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கென்று செய்த மலிவுப் பெட்டி அது. பின்னாளில் சாம்ப் என்று பெயர் பெற்றது அதன் வாரிசுதான்.

1960-களில் கூட்டம் பெருத்தது. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது சுமார் 55,000 பேர் திரண்டார்கள். வாக்ஸ் 100 வாட் பெட்டிகளைக் கொடுத்தும் கூட்டத்தின் கூச்சலில் பாட்டு அமுங்கிப்போனது. மார்ஷலும் 100 வாட்டுக்குப் போனது. பிறகு அரங்க ஒலிபெருக்கிகள் வளர்ந்ததும் சின்னப் பெட்டியின் முன் ஒரு மைக் வைத்தாலே போதும் என்றானது. எரிக் கிளாப்டன் 1970-ல் 'லைலா' ஆல்பத்துக்கு அந்த மாணவர் பெட்டியான சாம்பைத்தான் பயன்படுத்தினார்!

காரணம் இதுதான். வால்வை அதன் எல்லை வரை தள்ளும்போது ஓசை மெல்ல உடைந்து இனிக்கும். 100 வாட் பெட்டியை எல்லைக்குத் தள்ளினால் தெருவே எழுந்துவிடும். சின்னப் பெட்டி சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும்.

உண்மையான கணக்கு

வாட் பத்து மடங்கு கூடினால் 10 டெசிபெல் ஏறும். காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தம்தான். அதாவது 50 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தாலும் சத்தம் பாதிதான் குறையும். சாதாரண 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் 1 வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 97 டெசிபெல் அளவில் ஒலிக்கும். 5 வாட்டில் 104. கூடத்தில் டி.வி. வைக்கிற அளவுக்கு, 77 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம், ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு போதும்! நமது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். ஆகவே '5 வாட் என்றால் வீட்டுக்கு ஏற்றது' என்பது பாதி உண்மைதான்.

இதைத் தயாரிப்பாளர்களும் புரிந்துகொண்டார்கள். 1970-களில் மாஸ்டர் வால்யூம் வந்தது. முன்வரிசை வால்வை உடைய விட்டுக் கடைசியில் சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு. 1980 வாக்கில் டாம் ஷோல்ஸ் கொண்டுவந்த பவர் சோக், மிச்ச சக்தியை வெப்பமாக்கிக் கழித்தது. 2009-ல் வந்த வாக்ஸ் ஏசி4டிவி-யில் 4, 1, கால் வாட் என்று மாற்றும் சுவிட்சே இருந்தது. 2012-ல் மார்ஷல் தன் ஐம்பதாவது ஆண்டுக்கு 1 வாட் வரிசையை வெளியிட்டது.

நான் எடுத்த முடிவு

1. சக்தி 1 முதல் 5 வாட். குறைக்கும் சுவிட்சும் மாஸ்டர் வால்யூமும் கட்டாயம்.
2. வாங்கும் முன் கடையில் சத்தமாக அல்ல, மெல்ல வைத்துக் கேட்க வேண்டும்.
3. நமது 230 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் பெட்டியைக் கொண்டுவந்தால் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பம்ப்செட் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசரும் வேண்டும்.
4. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே சில நூறு வோல்ட் உண்டு. அணைத்த பின்னும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கும். திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம்.
5. நள்ளிரவில்தான் வாசிக்க முடியும் என்றால் ஹெட்போன் வசதி உள்ள டிஜிட்டல் பெட்டியே உத்தமம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கால் வாட் வரை குறைக்கக்கூடிய பெட்டிக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பெரியப்பாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "இவ்ளோ காசு குடுக்கற, பக்கத்து வீட்டுக்குக்கூட கேக்காதேடா?" என்றார்.

"கேக்கக் கூடாது பெரியப்பா, அதுக்குத்தான் காசு" என்றேன்.