இரு துலாக்கோல்கள்

ஆங்கிலேய அரசு 1869-ஆம் ஆண்டு இயற்றிய இந்திய மணமுறிவுச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கென்றே எழுதப்பட்டது. அதன் பத்தாம் பிரிவு இன்று படிப்போர் நெஞ்சை உறுத்தும். மனைவி விபசாரம் புரிந்தாள் என மெய்ப்பித்தாலே கணவனுக்கு மணமுறிவு கிட்டும். கணவனின் விபசாரமோ மனைவிக்குப் போதாது. அதனோடு கொடுமை, ஈராண்டுக் கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் அவள் மெய்ப்பிக்க வேண்டும். நாள்தோறும் அடிபட்டவள், அடியை மட்டும் சொல்லி விடுதலை பெற இயலாது. மாவட்ட நீதிமன்றம் இசைந்தாலும், உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் மூவர் உறுதி செய்யும்வரை அவள் காத்திருந்தாள்.

இதற்கு முன்மாதிரியாயிருந்தது 1857-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். அதிலிருந்த ஓரவஞ்சனையை அந்நாடே 1923-இல் நீக்கிவிட்டது. நாமோ விடுதலைக்குப் பின்னும் அதைச் சுமந்தோம். திருச்சபையின் போதனையை இதற்கு அரணாகக் காட்டுவதும் பொருந்தாது. திருமணப் பிணைப்பு பிரிக்கவியலாதது என்னும் போதனை கணவனையும் மனைவியையும் ஒருசேரவே கட்டுகிறது.

கொடுமையோ கைவிடலோ தனித்தே போதுமான காரணம் எனக் கேரள உயர் நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2001-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, இருபாலார்க்கும் ஒரே காரணங்களை வகுத்தது. இருவரும் இசைந்து பிரியவும் வழி செய்தது. மூன்று நீதிபதிகளின் உறுதிப்பாடும் அன்றே நீங்கிற்று.