தி மார்வெலஸ் லேண்ட் ஆஃப் ஓஸ்

தி மார்வெலஸ் லேண்ட் ஆஃப் ஓஸ் என்பது அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங்க் பாம் எழுதிய சிறுவர் கனவுருப்புனைவுப் புதினம் ஆகும். ஓஸ் நூல் வரிசையில் இரண்டாவதான இது, ஜான் ஆர். நீல் வரைந்த ஓவியங்களுடன் 1904 ஆம் ஆண்டு வெளியானது. முதல் நூலின் நாயகி டோரத்தி இதில் இடம்பெறவில்லை.

கதைச் சுருக்கம்

மோம்பி என்னும் சூனியக்காரியிடம் வளரும் சிறுவன் டிப், தன்னைப் பளிங்குச் சிலையாக்க அவள் எண்ணுவதை அறிந்து, பூசணித்தலை ஜாக்குடன் தப்பி மரகத நகரம் சேர்கிறான். அங்கு ஜிஞ்சர் என்பவளின் பெண்கள் படை, அரசாண்டுவந்த சோளக்கொல்லைப் பொம்மையை விரட்டி அரியணையைக் கைப்பற்றுகிறது. உண்மையில் பொம்மைக்கும் அதில் உரிமை இல்லை. முந்தைய அரசர் பஸ்டோரியாவிடமிருந்து பறித்த மந்திரவாதியே அதை அவனிடம் விட்டுச்சென்றான். பஸ்டோரியாவின் மகள் ஓஸ்மாவே முறையான வாரிசு. அவளைத் தேடும் நல்ல சூனியக்காரி கிளிண்டா, மோம்பியைப் பிடித்து விசாரிக்கையில், ஓஸ்மாவே டிப்பாக உருமாற்றப்பட்டிருப்பது வெளியாகிறது.

மறைந்த வாரிசுக் கதைகளில் அரியணை பெரும்பாலும் பரிசாகவே வரும். இங்கோ டிப் சிறுவனாகவே இருக்க விரும்புகிறான். பெண்ணாக இருப்பது பிடிக்காவிடில் பழையபடி மாற்றித்தருமாறு கேட்கிறான். உருமாற்றம் நேர்மையற்றது என்று கூறிக் கிளிண்டா மறுத்துவிடுகிறாள். மந்திரத்தை மோம்பியே நீக்க, ஓஸ்மா அரசியாகிறாள்.

இக்கதையை ஒட்டிப் பாம் எழுதிய நாடகம் 1905 இல் சிகாகோவில் மேடையேறித் தோல்வியடைந்தது.