எலும்புருக்கி நோயும் எடைத் தராசும்

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூரின் பெயரைச் சொன்னால், அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது காசநோய் மருத்துவமனைதான். செட்டிநாடு என்றதும் உங்களுக்கு விருந்துச் சாப்பாடு நினைவுக்கு வரலாம். ஆனால் உண்டது உடம்பில் ஒட்டாமல், நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தவர்களை ஏற்றுக்கொண்ட ஊரும் அதே செட்டிநாட்டில்தான் இருக்கிறது. வறண்ட காற்று, செம்மண் பூமி, சந்தடியை விட்டு விலகிய இடம். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் மருத்துவர்கள் தேடியது இத்தகைய இடங்களையே.

இந்நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர்களைக் கவனியுங்கள். க்ஷயம் என்றார்கள், தேய்தல் என்று பொருள். எலும்புருக்கி நோய் என்றார்கள். ஆங்கிலேயரும் நெடுங்காலம் இதை, ஆளை அரித்துத் தின்னும் நோய் என்னும் பொருள்படும் பெயராலேயே அழைத்தனர். கிருமியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே எல்லா நாட்டாரும் கண்டுகொண்ட அறிகுறி ஒன்று உண்டு. அது உடல் எடை குறைவது. 1882-இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும், நோயாளி தேறுகிறாரா இல்லையா என்பதைச் சொல்லும் கருவியாக எடைத் தராசே இருந்து வந்தது.

அந்தத் தராசு சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விக்கு உலகம் ஒப்புக்கொண்ட விடை ஒன்றைத் தந்தது நம் சென்னை. அந்த விடையைப் பலர் தவறாகப் படித்ததும், அதைத் திருத்தும் பணியில் அதே சென்னை நிறுவனம் மீண்டும் பங்கு கொண்டதுமே இக்கட்டுரையின் கதை.

முதலில் ஒரு சொல் விளக்கம். கீமோதெரபி என்றால் இன்று எல்லோரும் புற்றுநோய் சிகிச்சை என்றே எண்ணுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இச்சொல்லை வழக்கில் கொண்டு வந்தபோது, உடலுக்குள் புகுந்த கிருமியை இரசாயனப் பொருளால் கொல்வதையே அது குறித்தது. காசநோய் மருத்துவர்கள் இன்றும் அப்பொருளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். புற்றுநோய்க்கான கீமோதெரபியிலும் எடை ஏறுவதும் இறங்குவதும் உண்டு. வாந்தி, வாய்ப்புண், நாக்குச் சுவை மாறுதல் ஆகியவற்றால் பலர் மெலிவார்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களில் சிலருக்கு எடை கூடுவதும் உண்டு. உடலில் நீர் கோத்துக்கொண்டால் மெலிவு மறைந்து தராசு பொய் சொல்லும். அது தனியே எழுத வேண்டிய செய்தி. நாம் காசநோய்க்குத் திரும்புவோம்.

மருந்து வருவதற்கு முன் சிகிச்சை என்பது ஓய்வு, தூய காற்று, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே. ஜெர்மனியில் ஹெர்மன் பிரேமர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய சானடோரியம் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. 1915-இல் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் திறக்கப்பட்டது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். இவர் இங்கிலாந்தில் மென்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்தியவர். 1917-இல் கணித மேதை இராமானுஜன் அங்கே சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். தாம்பரம் மருத்துவமனையை 1937-இல் அரசு ஏற்றது. சென்னையின் மின்சார ரயிலில் போகிறவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அப்பெயர் வந்த வழி இதுதான்.

சானடோரியத்தில் பாலும் முட்டையும் இறைச்சியும் தாராளமாகக் கொடுப்பார்கள். படுக்கையை விட்டு எழவிட மாட்டார்கள். அட்டையில் எடையைக் குறித்து வைப்பார்கள். எடை ஏறினால் வீட்டாருக்கு மகிழ்ச்சிக் கடிதம் போகும். ஆனால் எடை ஏறி வீடு திரும்பியவர்களில் பலர் சில ஆண்டுகளில் மீண்டும் இருமத் தொடங்கினார்கள். கிருமி சாகவில்லை, பதுங்கியிருந்தது.

கிருமியைக் கொல்லும் மருந்துகள் 1940-களில் வந்தன. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அடுத்துப் பி.ஏ.எஸ். வந்தது. 1952-இல் ஐசோனியாசிட் வந்தது. நியூயார்க்கின் சீவியூ மருத்துவமனையில் ஐசோனியாசிட் வகை மருந்துகளைப் பெற்ற நோயாளிகளுக்குப் பசி பொங்கிக்கொண்டு வந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்கள் எடை கூடி, வார்டிலேயே ஆடிப் பாடினார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் படத்துடன் வெளிவந்தது. மருந்து மலிவானது, விழுங்கக்கூடியது, ஊசி போட ஆள் தேவையில்லை.

இந்தியாவுக்கு அப்போது ஒரு பெரிய இக்கட்டு. நோயாளிகள் பல லட்சம் பேர். படுக்கைகளோ சில பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. எல்லோருக்கும் படுக்கை வேண்டுமென்றால் நாட்டின் வருவாய் முழுவதும் போதாது. படுக்கை இல்லாமல், குடிசையிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் நோய் தீருமா? போதிய சோறு இல்லாத உடம்பில் மருந்து வேலை செய்யுமா? மேலை நாட்டு மருத்துவர் பலர் தலையை அசைத்தார்கள். நம் மருத்துவர்களும் ஐயப்பட்டார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கவே 1956-இல் சென்னையில் காசநோய்க் கீமோதெரபி மையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தலைமையேற்றார். நகரின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகளைக் குலுக்கல் போன்ற முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போயிற்று. மற்றொரு பிரிவு வீட்டிலேயே இருந்தது. இரு பிரிவுக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்துகள், ஓராண்டுக் காலம்.

ஒரு பிரிவினர் கட்டிலில் படுத்து, வேளாவேளைக்கு நல்ல உணவு உண்டார்கள். மற்றவர்கள் நெருக்கடியான வீட்டில், கிடைத்ததை உண்டு, முடிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மருந்தை ஒழுங்காக உண்கிறார்களா என்று பார்க்க மையத்தினர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஒவ்வொருவரும் உண்ட உணவும் கணக்கெடுக்கப்பட்டது.

முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. இந்த வேறுபாடு பெரியதன்று. பின்னர் ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தபோதும் நோய் திரும்பியவர்களின் அளவு இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

ஆனால் எடை? அங்கேதான் வியப்பு. சானடோரியத்துக்காரர்களின் எடை மிகுதியாக ஏறியது. வீட்டில் இருந்தவர்களின் எடையும் ஏறியது. ஆனால் மிகக் குறைவாகவே. தராசை மட்டும் பார்த்த ஒருவர், சானடோரியமே சிறந்தது என்று உறுதியாகச் சொல்லியிருப்பார். சளியைப் பார்த்தவரோ, இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்றார். தராசும் நுண்பெருக்காடியும் வேறு வேறு விடை சொல்லின! மையம் 1961-இல் உணவைப் பற்றித் தனியாகவே ஓர் ஆய்வுரை வெளியிட்டது. கலோரி, புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்து என எதை எடுத்துக்கொண்டாலும், தகுந்த மருந்தை ஓராண்டு உண்ட வீட்டு நோயாளிகளில் கிருமி அடங்குவதை அது தீர்மானிக்கவில்லை என்பதே அதன் முடிவு.

இம்முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கை மாற்றியது. சானடோரியங்கள் பல மூடப்பட்டன, அல்லது வேறு மருத்துவமனைகளாக மாறின. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டு வாசலிலேயே மருந்து கிடைத்தது. இது சென்னைக்குப் பெருமை சேர்க்கும் சாதனை என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை.

ஆயினும் இதற்குள் ஒரு நழுவல் நேர்ந்தது. 'மருந்து இருந்தால், குறைந்த உணவிலும் கிருமி அடங்கும்' என்பது ஆய்வு சொன்னது. 'ஆகவே காசநோயாளிக்கு உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்' என்பது ஆய்வு சொல்லாதது. இரண்டும் ஒன்றாகிவிட்டன. சிகிச்சைத் திட்டங்களில் பல்லாண்டுக் காலம் மாத்திரைக்குக் கிடைத்த இடம் சோற்றுக்குக் கிடைக்கவில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன என்று சற்றுப் பார்ப்போம். காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 10 முதல் 13 விழுக்காடு வரை கூடும். கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 1980-களில் 'மெலியச் செய்வது' என்ற பொருளில் கேக்கெக்டின் என்றே பெயரிட்டார்கள். இவை பசியை அடக்கும்; தசையின் புரதத்தைச் சிதைக்கும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. மருந்து கிருமியைக் கொன்றதும் இந்தத் தீ தணிகிறது. அதனால்தான் அரைவயிறு உண்ட வீட்டு நோயாளியின் எடையும் ஏறியது. ஆனால் ஏறுகிற எடை பெரும்பாலும் கொழுப்பே என்றும், இழந்த தசை அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை என்றும் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கன்னம் பூரித்துவிட்டது என்று வேலைக்குக் கிளம்புகிறவருக்கு மூட்டை தூக்க முடியாமற் போவதில் வியப்பில்லை.

சென்னை மையம் 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆயிற்று. 2011-இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. அதே நிறுவனமும், மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சேர்ந்து 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். நோயாளிகள் 2,800 பேர். அவர்களில் ஐவரில் நால்வர் சிகிச்சை தொடங்கும்போதே எடைக் குறைவானவர்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். நம் வீடுகளில் உலை ஒன்றுதான். நோயாளிக்கென்று வந்த அரிசி எல்லோர் தட்டிலும் விழும். அதை உணர்ந்து, ஒரு பிரிவில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள்.

2023-இல் வெளிவந்த முடிவு இது. உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் 5 விழுக்காடு எடை கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 விழுக்காடு குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 விழுக்காடு என்பது 2 கிலோதான்!

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயாளிகளில் எல்லோருக்குமே உணவு கொடுக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பிரிவைப் பட்டினி போடுவது நியாயமாகாது. ஆகவே எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கும் நிலையில் இருந்ததால் எடை ஏறியதா என்பதை இந்த எண் ஒன்றைக் கொண்டே முற்றாகப் பிரித்துவிட முடியாது. என்றாலும் இரண்டு மாதமாகியும் எடை அசையாத நோயாளி ஆபத்தில் இருக்கிறார் என்று தராசு சொல்வதை மருத்துவர் தட்டிக்கழிக்க முடியாது. 1959-இன் கேள்வி கிருமியைப் பற்றியது. 2023-இன் கேள்வி ஆளைப் பற்றியது.

தமிழ்நாட்டில் 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. நோய் கண்டறிந்ததும் எடையையும் உயரத்தையும் அளக்கிறார்கள். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியீட்டெண். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: 1.6 மீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் உள்ளவருக்கு 40-ஐ 2.56-ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 15.6. இயல்பான அளவு 18.5-க்குக் கீழே போகக்கூடாது. எண் 14-க்கு மேல் இல்லையென்றாலோ, மூச்சுத் திணறல் இருந்தாலோ, துணையின்றி நிற்க முடியாவிட்டாலோ, அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மத்திய அரசு 2018 முதல் சிகிச்சைக் காலத்தில் உணவுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆனது.

எடை ஏறத் தொடங்கும் இரண்டாம் மாதத்தில்தான் இன்னொரு இடர் காத்திருக்கிறது. காய்ச்சல் போய்விட்டது, பசிக்கிறது, சட்டை பிடிக்கிறது. 'இனி எதற்கு மாத்திரை?' என்று நிறுத்திவிடுகிறார்கள். பழைய சானடோரியத்தில் எடை ஏறி வீடு திரும்பி மீண்டும் விழுந்தவர்களின் கதையே அப்போது திரும்ப நடக்கும். அதுவும் மருந்துக்கு அடங்காத கிருமியோடு. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நோய் அடங்கியதா என்பதைச் சளிப் பரிசோதனையே சொல்ல வேண்டும்.

மருந்தின் அளவையும் எடையே முடிவு செய்கிறது. நம் நாட்டுத் திட்டத்தில் பெரியவர்களுக்கு 25 முதல் 34 கிலோ வரை நாளொன்றுக்கு 2 கூட்டு மாத்திரைகள், 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4. சிகிச்சைக்கிடையே ஐந்து கிலோவுக்கு மேல் எடை கூடி அடுத்த படிக்குப் போய்விட்டால், மாத்திரையின் எண்ணிக்கையும் கூட்டப்பட வேண்டும். ஆகவே உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இச்சிகிச்சையில் இருந்தால், மாதம் ஒருமுறை எடை பார்த்து, அந்த எண்ணைச் சிகிச்சை அட்டையில் குறித்துக்கொண்டார்களா என்று கேளுங்கள்.